ஒன்றரை வயது, ஐந்து வயது: கோடை விடுமுறைக்கு வீட்டோடு என்ன விளையாட்டு?

மழைக்குருவி
வணக்கம். ஒன்றரை வயதில் ஒரு பெண், ஐந்து வயதில் ஒரு பையன். விடுமுறை முழுக்க இரண்டு பேரும் வீட்டில்தான். ஒரு சின்ன முற்றம், ஒரு பால்கனி, அவ்வளவுதான் இடம். தேடினால் வருவதெல்லாம் ‘நூறு விளையாட்டுகள்’ வகைப் பட்டியல். எடுத்துவைக்க ஒரு மணி நேரம், பிள்ளைகள் விளையாடுவது ஐந்து நிமிடம். அளவு, நேரம், எது எங்கே சொதப்பும் என்பதோடு யாராவது சொன்னால் உதவும். சிறியவள் கைக்குக் கிடைப்பதையெல்லாம் வாயில் வைப்பவள். பெரியவன் கேட்பது ஒன்றே ஒன்று: ஆள் உயரக் குமிழி.

நிழல்மரம்
என்ன விளையாட்டு என்பதற்கு முன்னால் எந்த நேரம், எந்தத் தரை என்று முடிவு செய்துவிடுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

நேரத்துக்குக் கடிகாரமே வேண்டாம். பையனை வெயிலில் நிற்கவைத்து அவன் நிழலைப் பாருங்கள். நிழல் அவனைவிட நீளமாக இருந்தால் வெளியே விளையாடலாம். அவனைவிடக் குட்டையாகிவிட்டால் சூரியன் 45 டிகிரிக்கு மேலே ஏறிவிட்டது, புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கிறது என்று பொருள்; உள்ளே வந்துவிட வேண்டும். ஐந்து வயதுக்காரன் இதைத் தானே பார்த்துச் சொல்லப் பழகிவிடுவான். ‘இன்னும் கொஞ்ச நேரம்’ என்ற தகராறும் குறையும், ஏனென்றால் வேண்டாமென்று சொல்வது நீங்கள் அல்ல, நிழல்.

தரைக்குப் புறங்கை சோதனை. புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வையுங்கள். உங்களுக்குத் தாங்கவில்லையென்றால் குழந்தையின் உள்ளங்காலுக்கு நிச்சயம் ஆகாது. இரும்புச் சறுக்குமரம் சுடும் என்று எல்லோருக்கும் தெரியும். விளையாட்டுத் திடலில் போடும் ரப்பர் விரிப்பும் செயற்கைப் புல்லும் அதே அளவு சுடும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று: வெயிலில் கிடந்த ஹோஸ் பைப்பில் தேங்கி நிற்கும் தண்ணீர் தோலைப் பொத்துப்போக வைக்கும். குழாயைத் திறந்ததும் முதலில் வருவதைச் செடிக்கோ தரைக்கோ விட்டு, கையில் பிடித்துப் பார்த்து, குளிர்ந்த பிறகுதான் பிள்ளைகள் பக்கம் திருப்ப வேண்டும்.

தச்சுப்பட்டறை
இரண்டு வயதுக்கும் ஒரே ஏற்பாடு வேண்டுமென்றால் தண்ணீரை விட்டால் வேறு இல்லை. ஆனால் ஒரே தொட்டியில் இருவரையும் விடாதீர்கள். பெரியவன் கட்டுவதைச் சிறியவள் கவிழ்ப்பாள், பத்தாவது நிமிடத்தில் சண்டை.

நிழலில் இரண்டு அகலமான தட்டைப் பாத்திரங்கள், ஒரு கை தூரத்தில். சிறியவளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் போதும். கூடவே ஒரு சின்னக் குவளை, ஒரு வடிகட்டி, உள்ளங்கை அளவு ஸ்பாஞ்ச் ஒன்று. ஸ்பாஞ்ச் பிய்ந்து போகாத ரகமா என்று பார்த்து வாங்குங்கள், கடித்துப் பிய்த்தால் துண்டு தொண்டைக்குப் போகும். பெரியவனுக்கு ஐந்தாறு லிட்டர், புனல், அளவுக் குவளை, இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்.

அந்தப் பாட்டில்களில் ஒன்றின் பக்கவாட்டில் மேல், நடு, கீழ் என்று ஒரே கோட்டில் மூன்று ஓட்டை போடுங்கள். சூடாக்கிய ஆணி போதும், துளை மூன்று மில்லிமீட்டர் இருக்கட்டும். நிரப்பியதும் கீழ் ஓட்டையிலிருந்து வேகமாகவும் மேல் ஓட்டையிலிருந்து சோம்பலாகவும் தண்ணீர் வரும். மூடியை இறுக்கினால் மேல் ஓட்டை ஒழுகுவது நின்று அதன் வழியே காற்று உள்ளே போகும், கீழே உள்ள ஓட்டைகளில் தண்ணீர் வேகம் குறையும். மூடியைத் திருகித் திருகி அவனே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் விளக்கிவிடாதீர்கள்.

பெயின்ட் அடிக்கும் பிரஷ், அதுவும் இரண்டு அங்குல அகலத்தில், ஆளுக்கு ஒன்று கொடுத்துச் சுவருக்கும் தரைக்கும் ‘வெள்ளையடிக்க’ச் சொல்லுங்கள். வெறும் தண்ணீர்தான். காய்ந்து மறைந்ததும் திரும்ப அடிப்பார்கள். தயாரிப்புக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

நுரைப்பித்தன்
ஆள் உயரக் குமிழி என்ற இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சாதாரணக் கலவை. தண்ணீர் ஆறு பங்கு, பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு பங்கு, கிளிசரின் கால் பங்கு. அதாவது 600 மி.லி. தண்ணீருக்கு 100 மி.லி. லிக்விட், 25 மி.லி. கிளிசரின். லிக்விடைக் கடைசியில் ஊற்றி, கரண்டியால் மெதுவாகக் கலக்குங்கள். குலுக்கவே கூடாது. மேலே மிதக்கும் நுரைதான் குமிழிக்கு முதல் எதிரி, படலம் அதில் பட்டதும் கிழிந்துவிடும். நுரை வந்துவிட்டால் கரண்டியால் அள்ளி எடுத்துவிடுங்கள். ஒரு ராத்திரி மூடி வைத்தால் நன்றாகச் சேரும்.

உங்கள் வீட்டுத் தண்ணீர் உப்புத்தண்ணீர், கடினநீர் என்றால் குமிழி சரியாக நிற்காது. கால்சியமும் மெக்னீசியமும் சோப்பின் வேலையைக் கெடுத்துவிடும். வடிகட்டிய குடிநீரையோ பேட்டரிக்கு ஊற்றும் வாலைநீரையோ பயன்படுத்துங்கள்.

இந்தக் கலவை ஊதுகுழல் வளையத்துக்குச் சரி. பெரிய குமிழிக்கு வேறு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 மி.லி. லிக்விட், ஒன்றரை கிராம் கொத்தவரைப் பிசின் தூள் (குவார் கம் என்று விற்பார்கள்), இரண்டு கிராம் பேக்கிங் பவுடர். பிசின் தூளை நேரே தண்ணீரில் கொட்டினால் கட்டி கட்டியாகத் திரண்டு எந்தக் கரண்டிக்கும் கரையாது. ஒரு மேசைக்கரண்டி கிளிசரினில் தூளைக் குழைத்து, பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். அரை மணி ஊறவிட்டு, கடைசியாக லிக்விட். இந்தப் பிசினின் நீண்ட மூலக்கூறுகள்தான் படலம் இழுபட்டு நீளும்போது அறுந்துபோகாமல் காக்கின்றன.

கருவி: நாற்பது சென்டிமீட்டரில் இரண்டு குச்சி, இரண்டின் நுனியையும் இணைக்கும் பருத்திக் கயிறு நாற்பது சென்டிமீட்டர், அதே நுனிகளிலிருந்து தொங்கும் இன்னொரு கயிறு எண்பது சென்டிமீட்டர். தொங்கும் கயிற்றின் நடுவில் ஒரு வாஷரைக் கோத்துவிட்டால் முக்கோணமாக விரியும். நைலான் கயிறு உதவாது, கலவையை உறிஞ்சாது. பருத்திதான் உறிஞ்சி வைத்துக்கொண்டு, குமிழி வளர வளர விட்டுக்கொடுக்கும்.

முக்கியெடுத்து, குச்சிகளை ஒட்டியபடியே தூக்கி, மெதுவாக விரித்துக்கொண்டே பின்பக்கமாக நடக்கவேண்டும். பெரிதானதும் குச்சிகளைத் திரும்பச் சேர்த்தால் குமிழி கழன்றுகொள்ளும். பிள்ளைகள் எல்லோரும் செய்யும் தவறு, வேகமாக வீசுவது.

காலையில் அற்புதமாக வருவது மத்தியானம் ஒன்றுகூட வராது. காய்ந்த காற்றில் படலத்திலிருக்கும் தண்ணீர் ஆவியாகிவிடும், அவ்வளவுதான் விஷயம். விடிகாலை, மழை விட்ட நேரம், அந்தி, இந்த மூன்றும்தான் குமிழிக்கு உகந்தவை. அதிகக் காற்றும் ஆகாது.

மழைக்குருவி
அருமை! இரண்டு கேள்வி. தரை வழுக்காதா? சிறியவள் ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன செய்வது?

நுரைப்பித்தன்
கண்டிப்பாக வழுக்கும். சிமென்ட், டைல்ஸ் மேல் வேண்டவே வேண்டாம். மண் தரையிலோ புல்லிலோ மட்டும். வேறு வழியில்லை என்றால் பழைய கோணிச்சாக்கை விரித்து அதன்மேல் நிற்கட்டும், முடிந்ததும் வெறும் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிடுங்கள். கண்ணில் தெறித்தாலும் வெறும் தண்ணீரால் அலச வேண்டியதுதான்.

உறிஞ்சுகுழலைச் சிறியவளிடம் கொடுக்காதீர்கள். குமிழியைப் பிடிக்கும் வேலை அவளுக்கு. உலர்ந்த கை பட்டால் உடையும், கலவையில் நனைந்த கையில் குமிழி உட்காரும். பெரியவன் குழலால் ஊதுவதாக இருந்தால் குழலின் மேல்முனைக்கு இரண்டு விரல் கீழே ஊசியால் சின்னத் துளை போட்டுவிடுங்கள். ஊதினால் வேலை செய்யும், உறிஞ்சினால் காற்றுதான் வரும்.

வெள்ளைக்கோட்டு
விளையாட்டுப் பேச்சின் நடுவே வருவதற்கு மன்னிக்கவும், தண்ணீர் என்று வந்தபின் இதைச் சொல்லாமல் விட முடியாது.

ஒன்றரை வயதுக் குழந்தை மூழ்க ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் போதும். அந்த வயதில் உடலோடு ஒப்பிட்டால் தலை கனம். வாளிக்குள் குனிந்து விழுந்தால் திரும்ப நிமிர வராது. சத்தமும் வராது. கத்துவார்கள், தண்ணீரை அடிப்பார்கள் என்று நினைக்காதீர்கள், அது சினிமாவில். கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும், அவர் கையில் போன் இருக்கக் கூடாது. மேலே சொன்ன தட்டைப் பாத்திர யோசனை நல்லது. ஆனால் ஆட்டம் முடிந்த அந்த நிமிடமே தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து வையுங்கள். ‘சாயங்காலம் செடிக்கு ஊற்றலாம்’ என்று வைத்துவிட்டுப் போகும் வாளிதான் ஆபத்து.

ஊதி நிரப்பும் தொட்டி வாங்குவதாக இருந்தால் ஒவ்வொரு முறையும் கொட்டிக் கழுவிக் காயவைக்க வேண்டும். அதில் குளோரின் கிடையாது. வயிற்றுப்போக்கு இருக்கும் பிள்ளையை அதில் இறக்கக் கூடாது. புஜத்தில் மாட்டும் காற்றுப்பட்டைகள் விளையாட்டுச் சாமான், பாதுகாப்புச் சாமான் அல்ல.

மூன்று பொருளை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். ஒன்று, தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண ஜெல் மணிகள். விழுங்கினால் குடலுக்குள் போய்ப் பெருத்து அடைக்கும், எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் தெரியாது. இரண்டு, தண்ணீர் பலூன். உடைந்த ரப்பர்த் துண்டு மூச்சுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது கடினம். மூன்று, பட்டன் பேட்டரி உள்ள மலிவு விளக்குப் பொம்மைகள். பொதுவாக, டாய்லெட் பேப்பர் சுற்றியிருக்கும் அட்டைக்குழாய்க்குள் நுழையும் எதுவும் மூன்று வயதுக்குள் உள்ள குழந்தைக்கு வேண்டாம்.

இரட்டைவால்
எல்லாம் சரி, ஆனால் ஒரு கால அட்டவணை இல்லாமல் இது எதுவும் நடக்காது. காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை மணிக்கு மணி எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். உலக சுகாதார நிறுவனமே சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 180 நிமிடம் உடல் அசைவு வேண்டும் என்கிறது. அதை எழுதிவைக்காமல் எட்ட முடியாது.

நிழல்மரம்
மணிக்கு மணி அட்டவணை மூன்றாம் நாள் கிழிந்துவிடும். ஒன்றரை வயதுக்காரியின் தூக்கம்தான் அந்த வீட்டின் அட்டவணை. அவளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தேவை. பகலில் அவள் தூங்கும் நேரம், பெரியவனுக்கென்று தனியாகக் கிடைக்கும் நேரம். கத்தரிக்கோல், சின்ன மணிகள், பசை எல்லாம் அப்போது வெளியே வரட்டும், அவள் எழுவதற்குள் உள்ளே போகட்டும். காலையில் ஒரு வெளி ஆட்டம், சாயங்காலம் ஒன்று. மீதி அவர்கள் பாடு. சலிப்பு வந்தால் வரட்டும், சலித்த பிள்ளைதான் நாற்காலியைக் கவிழ்த்துப் பேருந்தாக்கும்.

அந்த 180 நிமிடம் 2019இல் வந்த, ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்கான வழிகாட்டி. சிறியவளுக்குப் பொருந்தும். ஐந்து வயதிலிருந்து கணக்கு வேறு: மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாடுவது தினம் சராசரி 60 நிமிடம். அதே வழிகாட்டி ஒன்றரை வயதுக்குத் திரை வேண்டாம் என்றும் சொல்கிறது. 180ஐ எழுதி ஒட்டுவோர் அந்த வரியை மட்டும் விட்டுவிடுவார்கள்!

இரட்டைவால்
சரி, அறுபதை ஒப்புக்கொள்கிறேன். அட்டவணையை இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால்தான் நிம்மதி. எழுத்து வேண்டாம், நான்கு படம் வரைந்து ஒட்டுங்கள்: வெளியே, குளியல், அமைதி, வெளியே. மணி போடாதீர்கள், வரிசை மட்டும்.

நிழல்மரம்
இது நல்ல யோசனை. வரிசை இருக்கட்டும், மணி வேண்டாம்.

ஈரமண்
மத்தியான வெயிலில் உள்ளே செய்ய மூன்று சொல்கிறேன்.

பனிக்கட்டிப் புதையல். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு உறையவையுங்கள், மூன்று நான்கு மணி நேரமாகும். அதன்மேல் பொம்மைகளை அடுக்கி மறுபடி மூன்றில் ஒரு பங்கு, மறுபடி உறைவு, கடைசியாக மூடும் அளவு. ஒரே தடவையில் ஊற்றினால் பிளாஸ்டிக் பொம்மை எல்லாம் மேலே மிதந்து அங்கேயே உறையும், தோண்ட ஒன்றும் இருக்காது. விளிம்புவரை நிரப்பாதீர்கள், தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய ஒன்பது சதவீதம் பெருக்கும்; கண்ணாடி என்றால் வெடிக்கும். எடுத்தவுடன் தொடவிடாதீர்கள், ஃப்ரீசர் குளிரில் விரலும் நாக்கும் ஒட்டிக்கொள்ளும். பத்து நிமிடம் வெளியே இருந்து மேற்புறம் ஈரமான பிறகு கொடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரைப் பிதுக்கும் பாட்டிலில் கொடுத்துக் கரைக்கச் சொல்லலாம். பெரியவன் மட்டும் கரண்டியால் உப்புத் தூவிப் பார்க்கட்டும். உப்பு பட்ட இடம் குழிந்து இறங்கும். ஆனால் உப்பும் ஐஸும் சேர்ந்தால் பூஜ்யத்துக்குக் கீழே குளிரும், கையில் வைத்து அழுத்தினால் தோல் புண்ணாகும். சிறியவளுக்கான கட்டியில் பெரிய பொம்மை மட்டும். உடைந்த ஐஸ் துண்டை வாயில் போடாமல் பாருங்கள்.

சோளமாவுக் குழம்பல். கார்ன்ஃப்ளார் இரண்டு கப், தண்ணீர் ஒரு கப். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக. அடித்தால் கெட்டி, விட்டால் ஒழுகும். ஓடிக்கொண்டே இருந்தால் மாவு சேருங்கள், உதிர்ந்தால் ஒரு கரண்டி தண்ணீர். தரையில் சிந்தினால் துடைக்காதீர்கள், காயவிட்டுப் பெருக்கினால் பொடியாக வந்துவிடும். சிங்க்கில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், குழாயின் அடியில் படிந்து அடைத்துக்கொள்ளும். குப்பையில் போடுவதுதான் சரி.

மாவுக் களிமண். மைதா இரண்டு கப், உப்பு ஒரு கப், கிரீம் ஆஃப் டார்டார் (கேக் செய்யப் போடும் புளிப்புத் தூள்) இரண்டு மேசைக்கரண்டி, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, தண்ணீர் இரண்டு கப். சிறு தீயில் கிளறி, பாத்திரத்தின் ஓரம் விட்டு உருண்டையாகச் சுருண்டதும் இறக்கி, ஆறவிட்டுப் பிசையுங்கள். கையில் ஒட்டினால் வேகவில்லை என்று அர்த்தம். திரும்ப அடுப்பில் இரண்டு நிமிடம். காற்றுப் புகாத டப்பாவில் வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும். டப்பாவுக்குள் வியர்த்தால் சூடாக மூடியிருக்கிறீர்கள். இதில் உப்பு மிக அதிகம், வாய்க்குள் போகும் வயதுக்காரிக்குப் பக்கத்திலேயே இருந்து கொடுங்கள். வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் எட்டக் கூடாது.

மழைக்குருவி
பால்கனியில் மணல் வைக்கலாமா? பெட்டி செய்துதர ஒருவர் தயார்.

தச்சுப்பட்டறை
எடையைக் கணக்குப் போட்டுவிட்டுப் பேசுங்கள். உலர்ந்த மணல் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1,600 கிலோ. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பெட்டியில் 20 செ.மீ. நிரப்பினால் 320 கிலோ, நனைந்தால் இன்னும் கூடும். அது முற்றத்தில் இருக்கட்டும். பால்கனிக்கு 60க்கு 40 செ.மீ. டப்பா, 10 செ.மீ. ஆழம்; 38 கிலோ அளவில் முடிந்துவிடும்.

முற்றத்துப் பெட்டியென்றால் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை, அதன்மேல் மண் புகாத துணி, அதன்மேல் மணல். தண்ணீர் வடியாத பெட்டி ஒரு வாரத்தில் நாறும். மூடி கட்டாயம், பூனைகள் இதைக் கழிப்பறையாக்கிவிடும், அதன் கழிவிலிருந்து புழு, கிருமி எல்லாம் வரும். கட்டுமானத்துக்கு வரும் தூசுமணல் வேண்டாம். கழுவிச் சலித்த மணல், கையில் அள்ளி விட்டால் புகை பறக்கக் கூடாது.

கோட்டை கட்ட எட்டுப் பங்கு மணலுக்கு ஒரு பங்கு தண்ணீர். பிள்ளைகள் இரண்டு மடங்கு ஊற்றிவிட்டு ‘சரியுது, சரியுது’ என்பார்கள். மணல் துகள்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய நீர்ப்பாலங்கள்தான் மணலைப் பிடித்து வைக்கின்றன, இடைவெளி முழுக்கத் தண்ணீர் நிறைந்துவிட்டால் அந்தப் பிடி போய்விடும்.

வெள்ளைக்கோட்டு
வெயிலுக்குச் சில வார்த்தை. சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், வெளியே போவதற்குக் கால் மணி முன்னால் பூச வேண்டும். இரண்டு மணிக்கொருமுறை, தண்ணீரிலிருந்து ஏறித் துடைத்தவுடனும் திரும்பப் பூச வேண்டும். ஆறு மாதத்துக்குள் உள்ள குழந்தை இந்த இழையைப் படிப்பவர் யாருக்காவது இருந்தால், அந்த வயதுக்குக் கிரீமை நம்பாமல் நிழலும் முழுக்கைத் துணியும். அந்த வயதுக்குத் தண்ணீரும் கொடுக்கக் கூடாது, பாலையே அடிக்கடி கொடுக்க வேண்டும். தள்ளுவண்டியின் மேல் துணி போட்டு மூடாதீர்கள். நிழல் மாதிரி தெரியும், உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறும். நிறுத்திய காருக்குள் பத்து நிமிடத்தில் பத்து டிகிரிக்கு மேல் ஏறிவிடும், கண்ணாடியைச் சற்று இறக்கிவைப்பதால் பெரிய வித்தியாசமில்லை. ‘ஒரு நிமிடம்தானே’ என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

விளையாட்டு நடுவே இருபது நிமிடத்துக்கொரு தடவை நீங்களாகத் தண்ணீர் நீட்டுங்கள், தாகம் என்று கேட்க அவர்களுக்கு நேரமிருக்காது. ஆறு முதல் எட்டு மணி நேரம் சிறுநீர் இல்லை, கண் குழிந்திருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். உடம்பு கொதித்து, பேச்சுக் குழறி, துவண்டால் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, உடையைக் கழற்றித் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். மயங்கிய பிள்ளைக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்.

ஈரமண்
இன்னும் இரண்டு, செலவே இல்லாதவை.

காலையில் பையனை ஓரிடத்தில் நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள், நிழலையும் வரையுங்கள். சாயங்காலம் அதே பாதத்தடத்தில் நிற்கட்டும். நிழல் எதிர்ப்பக்கம் போயிருக்கும். பாதத்தடம் போடாவிட்டால் அவன் நின்ற இடம் மாறிவிடும், ஒப்பிட முடியாது.

அடர்நிறத் தாளின்மேல் இலை, சாவி வைத்துக் கல்லால் அழுத்தி, மூன்று நான்கு மணி நேரம் நேர்வெயிலில் விட்டால் உருவம் பதிந்திருக்கும். மலிவான சாயத்தாளில்தான் நன்றாக வரும், விலை கூடிய தாள் வெளுக்காது.

மழைக்குருவி
எல்லோருக்கும் நன்றி. குமிழிக் கலவை மிச்சமானால் வைத்துக்கொள்ளலாமா?

நுரைப்பித்தன்
முதல் கலவை மூடிவைத்தால் வாரக்கணக்கில் இருக்கும், நாள் ஆக ஆகச் சற்று நன்றாகவும் வரும். பிசின் கலந்தது இரண்டு மூன்று நாளில் நீர்த்துக் கெட்ட வாடை அடிக்கும், ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம். பாட்டிலில் பெரிய எழுத்தில் ‘குமிழி’ என்று ஒட்டிவிடுங்கள். குடிக்கும் பாட்டிலில் ஊற்றாதீர்கள். எடுக்கும்போது பாட்டிலைக் குலுக்காமல் மெதுவாகச் சாய்த்துக் கலக்கினால் போதும்.